முந்தானை தனியே விற்கப்படும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு குதிரையைத் திரும்பத் திரும்பப் பள்ளத்தில் தள்ளிக் கொன்றேன்.

பயப்படாதீர்கள். வீடியோ கேமில்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில்நுட்ப ஞானம் தெரியும். டி.வி. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவள். அதற்கு மேல் ஏதாவது என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுவேன். அப்படிப்பட்டவள் திருத்தணியில் பஸ் ஏறி, ஆர்.கே.பேட்டையில் இறங்கி, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் குதிரை ஓட்டினேன். எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவாவுக்காக. ஓட்டவேண்டியவர் அவர்தான். ஆனால் அவருக்குக் கண் தெரியவில்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் சின்னதாக ஒரு பவர்லூம் ஷெட் வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகன் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போனபோது, தன் கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். ஆர்டர் வராமல் தறி நின்றிருந்த ஒரு வாரத்தில், பொழுது போகாத பாவா அதை ஆன் செய்து பார்த்தார். அவ்வளவுதான்... ஆள் விழுந்துவிட்டார்.

அக்கா போனில் புலம்பித் தள்ளினாள்.

"உங்க பாவா குதிர ஓட்டிகினு கீறாரு விஜி. சாப்ட கூப்ட்டா, 'இரு, ஆத்தத் தாண்டிட்டு வரேன்'றாரு. சோறு ஆறிப் போவுது."

போய்ப் பார்த்தேன். ஒரு பெண், காணாமல் போன தன் தம்பியைத் தேடி மலை மலையாகக் குதிரையில் போகிறாள். இதுதான் கதை. பேசுவது, எழுதிக் காட்டுவது எல்லாம் ஆங்கிலம். பாவாவுக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்ன அழகு இருக்கிறதே! எந்தக் கிழவன் பொய் சொல்கிறான், எந்தப் பாலம் எப்போது உடைந்திருக்கும், பனியில் கிடக்கும் காலடித் தடம் தம்பியுடையதா, துரத்துகிறவனுடையதா... எல்லாவற்றையும் முகத்தையும் மண்ணையும் பார்த்தே பிடித்துவிடுவார். முழுக்க முழுக்கக் கண்ணாலேயே படித்தார் அந்தக் கதையை.

அந்தக் கண்ணில்தான் வந்தது வினை.

பல வருஷமாகச் சர்க்கரை. ஒரு கண் ஏற்கெனவே மங்கிப் போயிருந்தது. அது போதாதென்று இன்னொன்றிலும் ஆரம்பித்தது. திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னைக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் ஊசி போட்டார், லேசர் வைத்தார், கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம். போனது திரும்பாதுங்க."

பாவா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், டி.வி. பாக்கலாங்களா?"

"பாருங்க. அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது."

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார், "கத முடியற வரைக்கும் இந்தக் கண்ணு தாங்கணும் விஜி." வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முடித்தார். விடாப்பிடியாக, கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, அந்தப் பெண்ணைத் தம்பி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ நடந்து வரும் சத்தம். தாழ்ப்பாள் நகர்கிறது. கதவு துளியூண்டு திறக்கிறது...

திரை கறுப்பாகிவிட்டது.

வெள்ளை எழுத்தில் என்னவோ வந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார் பாவா. படித்தேன். 'இந்தக் கதையின் இறுதி அத்தியாயம் தனி விரிவாக்கமாக அடுத்த ஆண்டு வெளிவரும். இப்போதே முன்பதிவு செய்யுங்கள்!' கடைசியில் அந்த ஆச்சரியக்குறி வேறு.

அந்த வார இறுதியில் நானும் அங்கே இருந்தேன். பெங்களூரு மகன் ஸ்பீக்கர் போனில் விளக்கினான்.

"நைனா, இது கேம் விக்கறதுக்கு முன்னாடியே போட்ட பிளான். முடிவு எல்லாம் அப்பவே ரெடி. பாதி இந்த டிஸ்க்குலயே கீதுன்னு சொல்றாங்க. பூட்டி வெச்சிருக்கான், அவ்ளோதான்."

"அப்போ தொறந்து வுடச் சொல்லு."

"அது அடுத்த வருஷம்தான் நைனா. நான் பணம்லாம் கட்டிட்டேன்."

பாவா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தாயிற்று. சாமான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பார்க்கக் கண்ணும் — அன்றைக்கு — இருந்தது. ஆனாலும் பார்க்கக் கூடாது!

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கேம் செய்கிறவர்களும் சாப்பிட வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கதை விற்றது, ஜனங்களுக்குப் பிடித்தது, ஒரு வருஷம் உட்கார்ந்து புதிதாக ஒரு பாகம் செய்தோம் என்று வந்தால் சந்தோஷமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே எங்கே வெட்டுவது என்று மீட்டிங் போட்டு முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? அன்று அந்த வீட்டில் நான் போட்ட சத்தத்தில் தறிச் சத்தமே கேட்டிருக்காது.

பாவா நிறுத்தினார். "இன்னாத்துக்கு இப்டிக் கத்தற? இங்க வா."

ஷெட்டுக்கு அழைத்துப் போனார். தறியிலிருந்து இறங்கிய சேலைகள் ஒரு பக்கம் மடித்து அடுக்கியிருந்தன. அதே நிறத்தில் ஜாக்கெட் துணிகள் இன்னொரு பக்கம்.

"ஒரே நூலு, ஒரே தறி. முன்னல்லாம் சீலையோடவே ஜாக்கெட் துணி சேந்து வரும். இப்போ கடக்காரரு, 'அத வெட்டித் தனியா கட்டி அனுப்புங்க, மேட்சிங்னு வித்துக்கறேன்'றாரு. நானும் வெட்டறேன். சீலைய ஓட்டறதுக்கு முன்னாடியே தெரியும், எங்க வெட்டணும்னு. அவனும் அதத்தான பண்றான்?"

அதற்குப் பதில் சொன்னது அக்கா. துணியை மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ஜாக்கெட் துணிய வெட்டறது வேறங்க. அது இல்லாங்காட்டியும் வேற ஒண்ணு போட்டுக்கலாம். அவன் முந்தானைய இல்ல வெட்டி வெச்சிகினு கீறான்? முந்தான இல்லாத சீலைய எவ கட்டுவா?"

அப்படிப் போடு என்று நான் கைதட்டப் போனேன். பாவா அடுக்கிலிருந்த ஒரு சேலையின் முந்தானையை விரித்துப் பார்த்தார்.

"நாளைக்கே கடக்காரரு வந்து முந்தானையும் தனியா வெட்டுன்னு சொன்னா, நான் மாட்டேன்னு சொல்லிடுவனா? வெட்டித்தான் குடுப்பேன். வேற இன்னா பண்றது, சொல்லு."

அக்கா அடுத்த சேலையை மடிக்க எடுத்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது எதுதான் முழுசாகக் கிடைக்கிறது? கல்யாண மண்டபம் பிடித்தால் ஜெனரேட்டர் டீசல் தனி, கூட்டிப் பெருக்கத் தனி. ஸ்கூல் ஃபீஸ் கட்டினால் புத்தகம் தனி, ஷூ தனி. மனை வாங்கினால் அதற்குப் போகும் ரோடு அடுத்த கட்டம்! நாமும் எரிச்சல்பட்டுக்கொண்டே கட்டுகிறோம். கட்டிக் கட்டிப் பழகிவிட்டது. ஒருவன் ஒரு பொருளை முழுசாகக் கொடுத்தால் இப்போது சந்தேகம்தான் வருகிறது... இதில் என்னமோ இருக்கிறது என்று.

சரி, சும்மா இருக்க முடியுமா? எழுதுகிறவள் ஆயிற்றே. அந்த கேம் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். என் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி எழுதினேன். இப்படி ஒருவர் இருக்கிறார், அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது, பணம் கட்டியாகிவிட்டது, அவர் ஒருவருக்கு மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக எந்த மனிதன் படிப்பான்? 'எங்கள் கதைமீது நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி! உங்களுக்காக ஓர் அன்பளிப்பு: கதாநாயகிக்குச் சிவப்புச் சால்வை, இலவசம்.'

நான் போனைத் தூக்கி எறியாதது அதிசயம். பாவாவோ மகனிடம் கேட்டு அந்தச் சால்வையை வாங்கி அவளுக்குப் போட்டுவிட்டார். அடுத்த முறை நான் போனபோது டி.வி.க்கு மிக அருகில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேப்பு நல்லாத்தான் கீது இவளுக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சேப்புதான இது?" என்று கேட்டார்.

அது பச்சை. சால்வைகளின் வரிசையில் கை தவறி வேறு எதையோ அமுக்கியிருக்கிறார். "ஆங், சேப்புதான் பாவா" என்றேன். வாசலுக்குப் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு வேகமாகப் போயிற்று. முதலில் ஓரங்கள், பிறகு எழுத்து, பிறகு முகங்கள். ஊசியும் லேசரும் முடிந்ததைச் செய்தன. ஷெட்டை அக்கா பார்த்துக்கொள்கிறாள். பாவா கட்டிலில் உட்கார்ந்து, தறி ஓடுகிற சத்தத்தில் எது நின்றது என்று மட்டும் சொல்கிறார்.

விரிவாக்கம் சொன்ன தேதியில் சரியாக வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள்கூடத் தாமதம் இல்லை. பணம் கொடுத்தோம், பொருள் கொடுத்தார்கள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் நம் பக்கம் சொல்ல ஒன்றும் கிடையாது. யார்மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் போவதுதான் இதில் தாங்க முடியாதது.

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்து ஆடிக் காட்டுகிறேன் என்றான். பாவாவால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அக்காவுக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே நான்! மகன் போனிலேயே எந்தப் பட்டனை அமுக்குவது என்று சொல்லச் சொல்ல, பூட்டு ஒருவழியாகத் திறந்தது.

நேராகக் கதவைத் திறந்துவிட்டார்களா? மலையடிவாரத்திலிருந்து மறுபடியும் ஏற வைத்தார்கள். குதிரை செத்ததெல்லாம் அங்கேதான்.

"லெஃப்ட்ல தண்ணி ஓடற சத்தம் கேக்குதா? அந்தாண்ட போவாத. மெதுவா... மெதுவா ஏத்து."

என் கைகளை வைத்துக்கொண்டு பாவாதான் ஆடினார். காதாலேயே பாதை சொன்னார். சாயங்காலம் ஆவதற்குள் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தோம். கதவு திறந்தது.

கையில் விளக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். 'உன் தம்பி இங்கே இல்லை. கடல் பக்கம் போய்விட்டான்' என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"யாரு அது? பொம்பளக் கொரலு கேக்குது" என்றார் பாவா.

"அது... தம்பி பொண்டாட்டி பாவா."

"அட, கல்யாணம் வேற பண்ணிகினானா! அவன் எங்க?"

"இதோ, உள்ள இருந்து வரான்."

"தாடி வெச்சிகினு கீறானா?"

"ஆங். நரைச்சிடுச்சி."

"அக்காவ அடையாளம் தெரிஞ்சிதா அவனுக்கு?"

சமையலறை வாசலில் நின்று என் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன... அங்கே எந்த ஆம்பிளையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

"தெரிஞ்சிது பாவா. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிகினு அழுவறாங்க."

திரையில் அந்தப் பெண் தனியாகக் குதிரையைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். கறுப்பானது. வெள்ளை எழுத்து வந்தது. 'இரண்டாம் விரிவாக்கம் விரைவில். இப்போதே முன்பதிவு செய்யுங்கள்!'

"இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார் பாவா.

"'நன்றி'ன்னு போட்டிருக்கான்."

பாவா தலையை ஆட்டினார். கையை நீட்டி என்னிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கி, தோளில் கிடந்த துண்டால் மெதுவாகத் துடைத்தார்.

"அடுத்தது எப்போ வருதாம்?" என்றார்.