பனிமலைக்கு ஒரு கோட்டு

எங்கள் வீட்டில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவதுதான். அதனால், மழையும் காற்றும் உள்ளே வராத ஜாக்கெட் ஒன்றை மலையேற்றப் பயிற்சிக்கு நானே கொண்டுபோக வேண்டும் என்று சொன்னபோது அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"அதுக்கென்ன, தையக்காரர்ட்ட துணி எடுத்துக் கொடுத்தா ரெண்டு நாள்ல தச்சித் தாராரு. கையை மட்டும் நீளமா வைக்கச் சொல்லு" என்றாள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி வீட்டில் பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்கள். இமயமலையில் பெண்களுக்கென்று ஒரு மாதப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

முந்தைய வருடம் அதே பயிற்சிக்குப் போய்வந்த மதுரை ஆசிரியை ஒருவரை விளையாட்டுப் போட்டி ஒன்றில் சந்தித்தேன். பூட்ஸ், கயிறு, பனிக்கோடரி, தூங்கும் பை எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள் என்றார். ஸ்வெட்டருக்கும் பஞ்சமில்லையாம்.

"மேல போடுற கோட்டு மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போயிருங்க. அங்க இருக்கிறதெல்லாம் ஆம்பளைங்களுக்குத் தச்சது. எனக்குக் கொடுத்ததுல தண்ணி உள்ள இறங்கிருச்சு. வெறும் குளிரைத் தாங்கிக்கலாம். நனைஞ்சுட்டு அந்தக் காத்துல நிக்க முடியாது." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

தூத்துக்குடியில் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு முடிந்துவிடும். நான் கோட்டுத் தேடி அலைந்ததோ சித்திரை மாதத்தில். ஒரு துணிக்கடையில் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றைக் காட்டினார்கள். கையைப் பிடித்துச் சற்று இழுத்துப் பார்த்தேன். அது தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. கடைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

வீட்டில் இரண்டு கோட்டுகள் இருந்தன. ஒன்று மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் இலங்கையின் குளிர் மலையூரான நுவரெலியாவில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இங்கே போட வழியில்லாமல் எங்கள் அலமாரியில் பூச்சி உருண்டைகளோடு வைத்துவிட்டார். மற்றது அப்பாவின் பழைய எண்ணெய்த்துணிக் கோட்டு. அப்பா கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றில் தண்டல்; மாலுமிகளுக்குத் தலைவர். அந்த மாதம் அவர் கடலில் இருந்தார். அவருடைய மஞ்சள் கோட்டு மடிப்புகளில் வெடித்து, மீனெண்ணெய் வாடையோடு, புறவாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கம்பளியின் பக்கம். "குளிருக்குத்தானளா போற? இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள்.

அண்ணன் மஞ்சளின் பக்கம். அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன். திரேஸ்புரத்தை அடுத்த ஓர் இறால் கம்பெனியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். கடல் மழையையே தாங்கியது மலை மழையைத் தாங்காதா என்பது அவன் கட்சி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமை, கப்பல் சாமான் விற்கும் கடைகளுக்கு அவனே என்னைக் கூட்டிப்போனான்.

பழைய துறைமுகத்துக்குப் போகும் பாதையில் அப்படிச் சில கடைகள் இருந்தன. கப்பலில் வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் டார்ச், பூட்ஸ், கித்தான் பை, போர்வை எல்லாம் அங்கே கிடைக்கும். நாங்கள் போன கடையின் அண்ணாச்சிக்கு நான் டீச்சர் என்று தெரியும், ஆனாலும் அண்ணனைத்தான் பார்த்துப் பேசினார்.

"கோட்டு தம்பிக்கா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

"எங்க போறிய டீச்சர்?"

"பனிமலைக்கு."

"அங்க போயி?"

"ஏறப் போறேன்."

"ஏறி?"

"இறங்கிருவேன்."

அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட்டை எடுத்துவந்தார். கப்பல் மாலுமி ஒருவன் விற்றது. புதிதுபோல இருந்தது. நான் போட்டதும் என் விரல்கள் கைக்குள் காணாமல் போயின. தோள்பட்டைத் தையல் முழங்கையை நோக்கி இறங்கியது. ஆனால் ஜிப்பைப் போட்டால் கீழே இடுப்பில் மட்டும் இறுகிப் பிடித்தது. மேலே இரண்டு பேருக்கு இடம், கீழே ஒருத்திக்கே இடமில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பரணிலிருந்து இன்னொன்றை இறக்கினார். கருநீலம். "இது பொம்பளையாளு உருப்படி. ஒரு வருசமாக் கெடக்கு. ஆம்பளையாளுக்குத் தோள்ல ஏற மாட்டேங்குது. பொம்பளையாளு யாரும் கோட்டுக் கேட்டு வந்ததில்ல. நீங்கதான் மொதல்."

துணி கனமில்லை, ஆனால் விறைப்பாக இருந்தது. கீழே வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் தானாக நின்றது. உள்பக்கம் ரப்பர் பூசி, தையல் போன இடமெல்லாம் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஜிப்பின் மேல் ஒரு மடிப்பு வந்து பொத்தான்களால் மூடிக்கொண்டது. தோள் என் தோளிலேயே நின்றது. இடுப்பில் அகன்று கீழே இறங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக, என் அளவுக்குத் தைக்காத ஒரு துணி எனக்குப் பொருந்தியது. ஆனால் கடையில் நின்று போட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை வரை இரண்டையும் எடுத்துப்போகிறேன் என்று கேட்டேன். அண்ணாச்சி தந்தார்.

ஊரில் பனி இருந்த ஒரே இடம் அண்ணனின் கம்பெனிதான். இறாலை உறைய வைக்கும் அறையில் பெரிய காற்றாடிகள் ஓயாமல் குளிர்ந்த காற்றை அடித்துக்கொண்டிருக்கும். ஞாயிறு பூசை முடிந்த பிறகு, நான்கு கோட்டுகளையும் ஒரு கித்தான் பையில் போட்டுக்கொண்டு போனோம். அண்ணனுடைய கால்சட்டையும், அதற்கு மேல் இரவல் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களும் போட்டிருந்தேன். வெளியே கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏளா, டீச்சரையும் பொட்டியில அடைச்சி வெளிநாட்டுக்கு அனுப்பப் போறாவ போலிருக்கு!" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு கோட்டாகப் போட்டுக்கொண்டேன். அண்ணன் குழாயால் தலையிலிருந்து தண்ணீர் அடித்தான். பிறகு உள்ளே போய்க் காற்றாடிக்கு எதிரே நின்று, பாறையில் பிடி தேடுவதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தினேன், குந்தி உட்கார்ந்தேன், பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் குனிந்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகள்தான்.

மாமாவின் கம்பளி தண்ணீரைக் குடித்துவிட்டது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஈர மூட்டையைச் சுமப்பதுபோல் இருந்தது. அதோடு அது முடிந்தது. அப்பாவின் மஞ்சள் கோட்டு தண்ணீரை விடவில்லை. ஆனால் குளிரில் தகரமாக விறைத்துப்போய், கையை மடக்கினால் படபடவென்று வெடித்தது. ஆரஞ்சுக் கோட்டில் நனையவில்லை, விறைக்கவும் இல்லை. ஆனால் கையை உயர்த்தினால் கோட்டு மொத்தமும் மேலே ஏறி, தொப்புள் வரை காற்று புகுந்தது. இடுப்பில் அதை இழுத்துவிட இழுத்துவிட, அது மறுபடி மறுபடி ஏறியது.

நீலக்கோட்டு ஏறவில்லை. கை மேலே போனபோதும் விளிம்பு இடுப்பிலேயே இருந்தது. குறை இல்லாமல் இல்லை. உள்ளே இரண்டு ஸ்வெட்டருக்கு இடம் போதவில்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சில் பிடித்தது. ஜிப்பின் பிடி மிகச் சிறிது. விரல் மரத்த பிறகு அது அகப்படவே இல்லை. அண்ணன்தான் வெளியிலிருந்து வந்து திறந்துவிட வேண்டியிருந்தது.

"ஆரஞ்சையே எடுளா. பெருசா இருந்தா உள்ள நாலு சட்டை போடலாம்லா" என்றான்.

"நாலு சட்டை போட்டு என்ன செய்ய? கீழ தொறந்து கெடக்கே."

நீலம்தான் என்று அன்று மதியமே முடிவு செய்துவிட்டேன். ஜிப்பின் பிடியில் வலை பின்னும் நைலான் நூலால் ஒரு வளையம் கட்டினேன். கையுறையோடும் அதைப் பிடிக்க முடிந்தது. ஒரு ஸ்வெட்டரைக் குறைத்துக்கொள்வது என்றும் வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் சம்மதம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் கோட்டைத் தொடாமல் தள்ளி நின்று கேட்டாள்: "இது யாரு போட்டதுளா? செத்தவ சட்டையா இருந்தா?"

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டேன். கப்பல் அதிகாரி ஒருவரின் பெண்சாதியுடையதாம். புருசனோடு கப்பலில் வந்தவள். "முழுகாம இருந்தாவ. கப்பலு ஆட்டம் ஒத்துக்கல. இங்கன எறங்கி பிளேன்ல ஊருக்குப் போயிட்டாவ" என்றார். உண்மையா, எனக்காகச் சொன்னதா தெரியாது. அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பிள்ளைத்தாய்ச்சியின் சட்டை என்றதும் கிட்ட வந்து தடவிப் பார்த்தாள். ஆனாலும் கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைப் புட்டியோடு எடுத்து, செபம் சொல்லி அதன் மேல் தெளித்தாள். துளிகள் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை. அம்மா கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, உள்பக்கத்தில் தெளித்தாள்.

பயிற்சியின் முதல் இரண்டு வாரங்கள் வெயிலிலேயே போயின. பாறை ஏறினோம், கயிறு கட்டினோம், கோட்டு பையிலேயே கிடந்தது. மூன்றாவது வாரம், மேல் முகாமுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது மதியத்துக்கு மேல் வானம் இருண்டு, மழையும் பனியும் கலந்து அடிக்கத் தொடங்கியது. ஒரே கயிற்றில் மூன்று பேர் கட்டியிருந்தோம். எனக்கு முன்னால் பயிற்சியாளர், பின்னால் கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. கோட்டின் தலைமூடியை இழுத்து, கழுத்தில் நாடாவைக் கட்டினேன். கழுத்துப் பகுதி குறுகலானது. என் பின்னல் அதற்குள் அடங்கவில்லை. அதனால் பின்னலை வெளியே விட்டுக் கட்டினேன்.

அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தேய்த்திருந்தேன். அந்தக் குளிரில் எண்ணெய் மெழுகாகிவிட்டது. அதன் மேல் ஈரப்பனி ஒட்டி ஒட்டி உறைந்து, பின்னல் ஒரு கழியாகி, ஒவ்வொரு அடிக்கும் முதுகில் தட்டியது. பிறகு பையின் வாரோடு சேர்ந்து உறைந்துகொண்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. பயிற்சியாளர் காட்டிய இடங்களை உடம்போடு திரும்பித்தான் பார்த்தேன். கோட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நெஞ்சும் முதுகும் உலர்ந்தே இருந்தன.

கூடாரத்துக்குள் போனதும்தான் வினை. பின்னலில் உறைந்த பனி உருகத் தொடங்கி, அதிலிருந்து இறங்கிய ஐஸ் தண்ணீர் முழுவதும் பிடரி வழியாக ஸ்வெட்டருக்குள் போனது. துடைக்கத் துடைக்க வந்தது. தலையைக் காயவைக்க அங்கே ஒரு வழியும் இல்லை. உடம்பு ஆடத் தொடங்கியது. பல் மேல் பல் நிற்கவில்லை. கல்கத்தாக்காரி தன் கம்பளித் துண்டைக் கொடுத்தாள். அதுவும் நனைந்தது.

மறுநாளும் இதே வானிலைதான் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினேன். எனக்குத் தெரிந்த இந்தியும் அவளுக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. அவள் இரண்டு தடவை கேட்டாள், வெட்டவா, நிஜமாகவா என்று. இரண்டு தடவையும் தலையாட்டினேன். சிறிய கத்தரிக்கோல், வெகுநேரம் ஆயிற்று. முடிந்ததும் பின்னலை என் மடியில் வைத்துவிட்டு, அவள்தான் அழுதாள். எனக்குத் தலை லேசாக இருந்தது என்பதைத் தவிர அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள் தலைமூடி கழுத்தோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அந்த வாரக் கடைசியில் நாங்கள் ஏற வேண்டிய முகட்டில் ஏறினோம். மேலே எதுவும் தெரியவில்லை, சுற்றிலும் வெள்ளைதான். சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கினோம்.

ஊர் திரும்பியபோது அம்மாவும் அண்ணனும் ரயிலடிக்கு வந்திருந்தார்கள். அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஏளா, முடி எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பையில இருக்கும்மா."

மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டா. சொகமாத் திரும்பி வந்தா முடி தாரேன்னு" என்று அம்மா சொன்னாள். நான் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, காகிதத்தில் சுற்றிவைத்திருந்த பின்னலை எடுத்து வரச் சொன்னாள். சொன்னது பொய்யாகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். இருவரும் நடந்தே மாதா கோவிலுக்குப் போனோம். அவளே அதை இரு கையாலும் கொண்டுபோய்க் காணிக்கை வைத்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

அதன் பிறகு முடியை நான் தோளுக்குக் கீழே வளர விடவில்லை. அம்மா இரண்டொரு தடவை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். மறு வருடம் அதே பயிற்சிக்குப் போகவிருந்த நாகர்கோவில் ஆசிரியை ஒருத்தி கோட்டை இரவல் கேட்டு வந்தாள். போட்டுப் பார்த்தாள். அவளுக்கும் தோளில் சரியாக நின்றது.