மாமியார் விரலால் நடந்து பார்த்த வீடு

போன வாரம் பஜாரில் மளிகைக்கடை பாய் என்னை மடக்கிவிட்டார். தராசைக் கீழே வைத்துவிட்டு அவர் பேச வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“சார், ஒங்க மாமியாருக்குப் பார்வை திரும்பிருச்சாமே?”

“யார் சொன்னது பாய்?”

“யாரு சொல்லணும்? நேத்து நானே அரிசி கொண்டுக்கிட்டுப் போனேன். புது வீடு... குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல. அந்தம்மா நேரா நடந்து வந்து கதவத் தொறக்குறாங்க. ‘பாத்து வாங்க பாய், அந்த மூலையில பானை கெடக்கு’ன்னு எனக்கே வழி சொல்றாங்க. எப்பிடி சார்?”

“பார்வை வரல பாய். எல்லாம் ஒங்க கடை அட்டைப்பெட்டி பண்ணின வேலை” என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் மாமியார் சவரியம்மாளுக்குக் கண் பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போனது. மதுரை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் கொடைக்கானலுக்குப் புதிதாக வந்தவர்கள் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை! எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், வாடகை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். சமைப்பார். துணி உலர்த்துவார். விருந்தாளி வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார். பார்வை இருந்த காலத்திலிருந்தே புழங்கிய வீடு. ஒவ்வொரு சுவரும் அவருக்கு மனப்பாடம்.

அந்த வீட்டை, மகன் கல்யாணத்துக்காகக் காலி செய்து தரும்படி வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான மனிதர்தான். அவகாசமும் கொடுத்தார். மாமனார் விட்டுப்போன சின்ன மனை ஒன்று சரிவில் இருந்தது. அதில் வீடு கட்டிவிடலாம் என்று நானும் என் மனைவி பிலோமினாவும் உற்சாகமாகச் சொன்னோம்.

மாமியார் பக்கத்துச் சுவரைத் தடவினார். பிறகு சொன்னார்.

“இந்த வீட்டுல எனக்குக் கண்ணு இருக்கு மாப்ள. புது வீட்டுக்குப் போனா அன்னைக்குத்தான் நான் குருடி.”

ஆனால் வீட்டைக் காலி செய்துதானே ஆக வேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் பிலோமினாவின் தம்பி அந்தோணி கோடை விடுமுறைக்கு வந்து இறங்கினான். மெட்ராஸில் கட்டடக்கலை படிக்கிற பையன். லீவில் ஒரு வீட்டுக்கு டிசைன் போட்டு, மாடல் செய்து கொண்டுவர வேண்டும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்களாம். “எதுக்கு அத்தான் யாரோ ஒருத்தர் வீடு? அம்மா வீட்டையே செஞ்சிருவோம்” என்றான்.

செய்தான். எங்கே? வாராவாரம் நான் இந்தப் பத்தியை எழுதுகிற மேஜையில். எங்கள் வீட்டில் இருப்பதே அது ஒன்றுதான். சென்ற கோடையில் சில வாரங்கள் இந்தப் பத்தி கொஞ்சம் கோணலாக வந்ததை நீங்கள் கவனித்திருக்கலாம். டிரங்குப் பெட்டி மேல் வைத்து எழுதியது!

மாடல் என்றால் ஏதோ தீப்பெட்டியை ஒட்டி வீடு செய்வது என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் மலையையே செய்ய வேண்டுமாம். மனை சரிவில் இருக்கிறது அல்லவா? பாய் கடைப் பிஸ்கட் பெட்டிகளைப் பிரித்து, சரிவின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வோர் அட்டையாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினான். அடுக்க அடுக்க, என் மேஜையில் ஒரு மலைச்சரிவு எழுந்து நின்றது. ஆச்சரியமாகத்தான் இருந்தது... வெட்டியதெல்லாம் என் ஷேவிங் பிளேடுகள் என்று தெரிகிற வரைக்கும்.

பசை, பிலோமினா காய்ச்சிய மைதாப் பசை. கரப்பான் தின்னாமல் இருக்கத் துளி மயில்துத்தம். ஒட்டிய சுவர்கள் வளையாமல் காய, மேலே பாரம் வைக்க வேண்டும். என் ஆங்கில அகராதி அந்தக் கோடை முழுக்க அந்த ஒரே வேலையைத்தான் பார்த்தது. பெட்டி அட்டைக்குள் வரிவரியாக இருக்கும் தாளை உரித்துத் தகரக் கூரை ஆக்கினான். பேரிக்காய் மரத்துப் பட்டையில் இருந்து பாசியைச் சுரண்டி வந்து, ஈர்க்குச்சியில் சுற்றி மரங்கள் நட்டான். ஜன்னலுக்குக் கண்ணாடித் தாள். வாசலில் மிளகு அளவுக்கு ஒரு பூந்தொட்டி!

முடிந்ததும் தெருவே வந்து பார்த்தது. “அப்பிடியே வீடு மாதிரியே இருக்கே!” என்றார்கள். வேறு எது மாதிரி இருக்கும்?

மாமியாரைக் கூட்டி வந்தோம். அந்தோணி அவர் கையைப் பிடித்து மாடல் மேல் வைத்தான்.

“இதாம்மா ஒன் வீடு.”

அவர் தடவினார். மரங்கள் விரலோடு வந்தன. கூரை நெளிந்தது. முன்சுவரைத் தேடி விரலைக் கொஞ்சம் அழுத்தினார்... சுவர் உள்ளே விழுந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“ஒடச்சுட்டேனாடா?”

“இல்லம்மா. பசை இன்னும் காயல” என்றான் அந்தோணி. பசை காய்ந்து நாளாகிவிட்டது.

“அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். “பிலோமி, என்னைய வீட்டுல கொண்டு விட்டுரு. சோலி கெடக்கு.”

சோலி ஒன்றும் கிடையாது. எங்கள் எல்லாருக்குமே அது தெரியும்.

அந்தோணி உடைந்த சுவரைத் திரும்ப ஒட்டவில்லை. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். “அத்தான், நான் இத யாருக்காகச் செஞ்சேன்?” என்று கேட்டான். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து, மாடலைத் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டுப் பஜாருக்குப் போனான். இந்த முறை அட்டைப்பெட்டி போதவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகைகளும் வந்தன. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்தான். மேஜை முழுக்க வீடு! மரம் கிடையாது, பூந்தொட்டி கிடையாது, கண்ணாடித் தாள் கிடையாது. சுவர்கள் பலகை. கூரை, மூடிபோலத் தூக்கி வைக்கிற அட்டை. கூடத்துத் தரைக்கு வழவழப்பான தாள். அடுப்படிக்கு உப்புத்தாள். குளியலறைக்குக் கோணிச் சாக்கு. கதவுகளுக்குத் துணி ஒட்டிய கீல், தள்ளினால் திறக்கும்.

பார்க்கச் சகிக்கவில்லை. ஏதோ எலிப்பொறி மாதிரி இருந்தது.

மாமியாரைத் திரும்ப வரவழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. “நான் வந்து எதையாச்சும் ஒடைக்கவா?” என்றார்.

“ஒடைச்சுத்தான் பாரும்மா. முடியாது” என்றான் மகன்.

வந்தார். இரண்டு விரல்களை வாசலில் ஊன்றினார். தயங்கினார். பிறகு ஆள் நடப்பது போல ஒரு விரலுக்குப் பின் ஒரு விரலாக உள்ளே நடக்க விட்டார். கூடம்... இடது பக்கம் கதவு... உப்புத்தாள் சுரசுரவென்று பட்டதும் நின்றார்.

“இது அடுப்படியா?”

“ஆமாம்மா.”

“என்னடா இம்புட்டு அகலம்? டான்ஸா ஆடப் போறேன்? நின்ன எடத்துல கை நீட்டுனா செவுரு எட்டணும்.”

அந்தோணி சிரித்தான். உடனே சுவரைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைத்தான். அவ்வளவுதான்... அன்றிலிருந்து தினமும் வந்தார். தினமும் ஒரு சண்டை. பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் போட்டிருந்தான். அவன் டிசைனுக்கே அதுதான் உயிர்.

“அத ரோட்டுப் பக்கம் வைடா.”

“அம்மா, அந்தப் பக்கம் அவ்வளவு அழகா இருக்கும்மா...”

“பள்ளத்தாக்கு என்கிட்டப் பேசுமாடா? ரோட்டுல போறவ பேசுவா.”

ஜன்னல் இடம் மாறியது. பள்ளத்தாக்குப் பக்கம் விருந்தாளிகளுக்காக ஒரு சின்ன ஜன்னலைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான்.

லீவு முடிந்தது. காலேஜுக்கு எதை எடுத்துப் போனான் என்று நினைக்கிறீர்கள்? முதல் மாடலைத்தான்! சுவரை ஒட்டி, புதிதாகப் பாசி மரங்கள் நட்டு, பஸ்ஸில் மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். மார்க்கும் நன்றாகவே வந்தது. மார்க் அழகான மாடலுக்கு, வீடு எலிப்பொறிக்கு. உலகம் அப்படித்தான். இரண்டும் செய்யத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

இரண்டாவது மாடல் மாமியாரிடமே தங்கிவிட்டது. வீடு எழும்பிய மாதங்கள் முழுக்க, ஜெபமாலை சொல்லி முடித்ததும் அதைக் கட்டிலில் முன்னால் வைத்து விரலால் நடப்பார். ஒருநாள் பிலோமினா போய்க் கூப்பிட்டபோது, கட்டிலில் உட்கார்ந்தபடியே, “செத்த இருடி, அடுப்படியில இருக்கேன்” என்றாராம்.

குடிபோகும் நாளில் அந்தோணியும் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டான். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். மாமியார் வாசலில் நின்றார். கை கொடுக்கப் போன பிலோமினாவை, “விடுடி” என்று தடுத்துவிட்டார்.

உள்ளே நடந்தார். கூடம். இடது பக்கக் கதவு. அடுப்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். சுவர் எட்டியது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்... திரும்பினார், பின்னறைக்கு வேகமாக நடந்தார் —

கால் இடறி, முழங்கால் தரையில் படும்படி விழுந்தார்.

அஸ்திவாரம் தோண்டும்போது பாறை குறுக்கிட்டதால், கொத்தனார் பின்னறைத் தரையை ஒரு படி உயர்த்தியிருந்தார். மாடலில் அந்தப் படி இல்லை. நானும் பிலோமினாவும் அதைத் தினமும் தாண்டிப் போனவர்கள்தான், இருவருக்கும் உறைக்கவில்லை. அந்தோணியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“யாரும் வராதீங்க!” என்றார் மாமியார். அந்தக் குரலுக்கு அப்படியே நின்றோம்.

உட்கார்ந்தபடியே படியைக் கையால் தடவினார். இந்த முனையில் இருந்து அந்த முனை வரை. உயரம் பார்த்தார். எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, அடுப்படிக்குத் திரும்பப் போய், அங்கிருந்து மறுபடி நடந்து வந்தார். படிக்கு முன்னால் கால் தானாக உயர்ந்தது. ஏறிவிட்டார்.

“பலகைத் துண்டு ஏதாவது இருக்கா அத்தான்? மாடல்ல அந்தப் படிய இப்பவே ஒட்டிடுறேன்” என்றான் அந்தோணி. கண் கலங்கியிருந்தது.

“அது எதுக்குடா இனிமே? அடுப்புப் பத்த வைக்க வச்சுக்குறேன்” என்றார் அவன் அம்மா. அவன் கன்னத்தைத் தேடிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். “வீடுதான் வந்துருச்சே.”

பிறகு எல்லாருக்கும் டீ போடுவதாக அறிவித்தார். நான் சாவகாசமாகக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

“மாப்ள, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அது நான் நடக்குற பாதை.”

தள்ளி உட்கார்ந்தேன். மாமியார் வீடு அல்லவா!