தங்கையின் ஹெல்மெட் ஏன் ஆடியது

இன்று காலை திருப்பதியில் விளையாட்டுச் சாமான் கடையில் நின்றிருந்தோம், நைனா, தங்கை, நான்.

தங்கை ஐஸ் ஹாக்கி முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். எங்கள் ஊர் சத்தியவேட்டில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில்தான் பார்க்கலாம். அவள் சிமெண்ட் ரோட்டில் சக்கர ஷூ போட்டு ஆடிப் பழகியவள். மாலையில் ரயில். ஹெல்மெட் ஆடினால் ஐஸில் இறக்கமாட்டேன் என்று கோச் சொல்லிவிட்டார்.

அது ஆடியது. போன வாரம் அடர்ந்த முடியோடு அளவு பார்த்து வாங்கியது. நேற்று நைனா, மகளுக்கு அடிபடக் கூடாதென்று திருமலையில் அவளுக்கு மொட்டை போட்டுவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர், "உள்ள துணி வெச்சிக்கோம்மா. பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்றார்.

"தலை உடையாதுன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் சின்ன அளவில் ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுத்தார். தங்கை தலையை உதறிப் பார்த்தாள். அசையவில்லை.

நைனாவுக்கு உற்சாகம். "நீ முழுசா திரும்பி வந்தா இன்னொரு மொட்டைன்னு வேண்டிக்கினு கீறேன்."

"யாருக்கு?" என்றாள் தங்கை.

"உனக்குத்தான்."

"உன் தலைய குடு நைனா."

நைனா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வழுக்கையைக் காட்டினார். "இதுல சாமி என்னாத்த எடுக்கும்?"

"அப்ப அண்ணன் தலை கீதே" என்றாள்.

அதுவரை நியாயம் பேசிக்கொண்டிருந்த நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் வேண்டிக்கொள்வது யார், முடி கொடுப்பது யார்? உண்மையைச் சொல்லுங்கள்.