பின் இருக்கை இல்லாத வண்டி

சென்னையில் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவர் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார், ஊரையும் கேட்கமாட்டார். பெட்ரோல் டாங்கை ஒருமுறை பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" என்பார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் கேட்கும் முதல் கேள்வி "எவடம்?", எந்த இடம் என்பது. அதற்குப் பதில் சொன்னால் யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம் என்று பேச்சு நீண்டு, கடைசியில் எப்படியோ தூரத்துச் சொந்தமாகிவிடுவார்கள். இங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு உறவு முடிந்துவிடும். கூச்சமுள்ள எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஒருநாள் தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் அப்படிக் கேட்டபோது அதிகமில்லை என்பதற்கு, ஊர்ப் பேச்சில் "கனக்க இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சாய்த்து, "கேரளாவா சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். விளக்கு பச்சையானது. சிலோன் என்று தெரிந்ததும் வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தியவர்களைப் பார்த்த பிறகு, கேரளாக்காரனாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்போது என்னிடம் இருந்தது பெடல் வைத்த ஒரு சின்ன மொபெட். தி. நகரில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலை. அச்சுக்குப் போகுமுன் பத்திரிகையின் ப்ரூஃபை மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டி, பிழை திருத்தி வாங்கி வரவேண்டும். அந்த வேலைக்கு மொபெட் போதும். கையால் திருகினால் போகும், பிரேக்கைப் பிடித்தால் நிற்கும். நின்றுபோனால் சைக்கிளைப் போல மிதித்தே வீடு வந்துவிடலாம். எல்லாவற்றையும்விட, நாளை விமானம் என்றால் இன்று மாலையே விற்றுவிடலாம். எங்களைப் போல வெளிநாட்டு விசாவுக்காக இங்கே தங்கியிருந்தவர்கள் எல்லோருக்கும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பெட்டிக்குள் மடித்து வைக்க முடியாத எதையும் வாங்கக்கூடாது. பாயும் தலையணையும் வாங்கலாம், கட்டில் கூடாது. மண்ணெண்ணெய் அடுப்பு சரி, கேஸ் இணைப்பு கூடாது. யாராவது ஒரு பீரோ வாங்கிவிட்டால் மற்றவர்கள் அவர் வீட்டில் சாவு விழுந்ததுபோல் தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள். வாங்கியவர் இனிப் போகப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

என் மனைவி வசந்தியும் மகள் துளசியும் ஒரு ஏஜென்ட் மூலமாக முதலில் போனார்கள். மூன்று பேருக்கும் ஒன்றாக வழி செய்ய முடியவில்லை. நான் பின்னால் வருவதென்று ஏற்பாடு. கனடாவில், ரொறன்ரோவில், அவர்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டார்கள், வசந்தி என்னை ஸ்பொன்சர் செய்தாள். மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் நான் காத்திருந்தேன். ரொறன்ரோவில் நாலாம் மாடி ஒன்றில் அவளும் காத்திருந்தாள். அந்த எழுதாத சட்டத்தை அவளும் அங்கே கடைப்பிடித்தாள். நிலத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். கதிரை, மேசை எல்லாம் அப்பா வந்து பார்த்து வாங்குவார் என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், அங்கே அது காலை, எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் எடுப்பாள். பூத் நடத்திய மாமி, "உங்காத்துலேர்ந்து இன்னும் கூப்பிடலை, உக்காருங்கோ" என்று ஸ்டூலைத் தள்ளுவாள். பேசும்போது நானும் வசந்தியும் ஏறத்தாழ ஒன்றுமே பேசமாட்டோம். சாப்பிட்டீரா, குளிரா, கடிதம் வந்ததா.

ஊரில் எனக்கு ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது, தொண்ணூறு சிசி. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவனுக்கு அது பெரிய சொத்து. துளசியை முன்னால் டாங்கின்மேல் இருத்தி, வசந்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைகளில், அந்த ஒடுங்கிய சந்துகளில், மெல்லப் போவேன். யுத்தத் தடையால் பெட்ரோல் வராமல் போன காலத்தில் எல்லோரும் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினோம். ஒரு சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு உதைத்துக் கிளப்பவேண்டும், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெள்ளைப் புகையோடு ஊர் முழுக்கப் போகும். அந்தப் புகையில் பின்னாலிருந்து வசந்தி இருமிக்கொண்டே கதை சொல்லுவாள். வீட்டில் பேசாத இருவர் நாங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறினால்தான் பேசுவோம். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் இருக்கலாம். புறப்பட்டபோது அந்த வண்டியை மாட்டுக் கொட்டிலில் வைத்து ஓலையால் மூடிவிட்டு வந்தோம்.

கனடாவுக்கு மருத்துவப் பரிசோதனை செய்தால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் விசா வராவிட்டால் பரிசோதனை காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்படிக் காலாவதியாகி மறுபடியும் அடையாறில் ஒரு டாக்டரிடம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பகலில், மேம்பாலத்தின் பாதியில் மொபெட் நின்றுபோனது. மிதித்துப் பார்த்தேன், பெடல் அசையவில்லை, பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது. கையில் பஞ்சு ஒட்டியபடியே தேனாம்பேட்டை வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே சந்துக்குள் பாபு என்ற மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அவருக்கு நான் சிலோன் என்று தெரியும். தெரிந்தும் போலீஸ், கேஸ் என்று எதுவும் கேட்காத மனிதர்.

மொபெட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். செலவு செய்வது வீண் என்றார். பிறகு ஷெட்டின் ஓரத்தில் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே முந்நூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்று நின்றது. காலேஜ் பையன் ஒருவன் பந்தயத்துக்கென்று ஹாண்டில்பாரைத் தாழ்த்தி, வேண்டாததையெல்லாம் கழற்றி வைத்திருந்தான். அவன் வெளிநாடு போய்விட்டான். விற்றுத் தரச் சொன்ன வண்டியை யாரும் வாங்கவில்லை.

"ஒருத்தனும் தொட மாட்டேன்றான் சார். பெட்ரோல தண்ணி மாரி குடிக்கும். மைலேஜ் கேட்டுட்டு ஓடிடறானுங்க," என்றார் பாபு. "ஆனா ஒரு தபா குந்திப் பாரு."

குந்திப் பார்த்தேன். அவர் உதைத்துக் கிளப்பினார். இரண்டு சைலென்சரிலிருந்தும் வந்த சத்தத்தில் ஷெட்டின் தகரம் நடுங்கியது. இத்தனை வருடம் இந்த நகரத்தில் ஒரு சத்தமும் போடாமல் இருந்தவன் நான். வாடகை வீடு வேறொருவர் பெயரில், வேலை வருகைப் பதிவில் இல்லாத வேலை, பேச்சைக்கூட அளந்து பேசினேன். அந்தச் சத்தத்தின்மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்ன நடந்தது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மொபெட்டையும் கையிலிருந்ததையும் கொடுத்துவிட்டு அதை எடுத்துவந்தேன். வண்டி அந்தப் பையன் பெயரிலேயே இருந்தது. எனக்கென்று எதுவும் என் பெயரில் இல்லாதபோது அது மட்டும் என்ன.

மந்தைவெளியில் என்னோடு அறையில் இருந்த ரத்தினம் அண்ணை என்னைவிட வயதானவர், என்னைவிட நீண்ட காலம் காத்திருப்பவர். படியிறங்கி வந்து வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தம்பி, இதை எந்தப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கப்போறீர்?" என்றார்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் இருவரும் சிரிக்கவில்லை. மேலே போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அவருடைய தங்கை இருப்பதும் ரொறன்ரோவில்தான்.

பெரிய வண்டிக்குப் பழகுவது சுலபமாக இல்லை. மொபெட்டில் கை சொன்னதை வண்டி செய்தது. இது கை சொல்லுமுன்பே செய்தது. திருகலில் பாதிவரை சாதுவாக வரும், அதைத் தாண்டினால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாயும். பிரேக் அந்த வேகத்துக்குக் காணாது. உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. கிளச்சைப் பிடித்துப் பிடித்து இடது கை இரவில் விறைத்தது. தாழ்ந்த ஹாண்டில்பாரைப் பிடிக்க முன்னால் குனியவேண்டும். முகம் தெரியாமல் குனிந்து போவது எனக்கு ஒத்துவந்தது. கடை முதலாளி வாசலில் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்து, ப்ரூஃப் கொடுக்கப் போகிறீர்களா, பாங்கைக் கொள்ளையடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். மயிலாப்பூரில் ஒரு கல்யாண வீட்டார் நான் வந்து நின்றதும் பையனைக் கூப்பிட்டு, பத்திரிகை கொண்டு வருபவர் வந்தால் சொல்லு, வாசலில் யாரோ ரௌடி நிற்கிறான் என்றார்கள். சில மாலைகளில் கடற்கரையோரமாகப் பாலவாக்கம் வரை போய், கடலைப் பார்க்காமல் திரும்பினேன். அந்தப் பக்கம் பார்த்தால் ஊர் எந்தத் திசை என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். ரோட்டை மட்டும் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. வேகம் தருகிற சுகம் அவ்வளவுதான். வேறொன்றையும் நினைக்கவிடாது.

அப்படி ஓட்டித் திரிந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தி போன் எடுத்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"மோட்டார் சைக்கிள் எடுத்தனீங்களாம்."

"ஓம். பழசு."

"பெரிசாம்."

"ஓம்."

பிறகு சொன்னாள், "பின்னுக்கு இருக்க இடமில்லையாமே. ஒராள் மட்டும்தான் இருக்கலாமாம். ரத்தினம் அண்ணை தங்கச்சிக்குச் சொன்னவராம்."

பூத்தின் கண்ணாடி வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தேன். உண்மைதான். பந்தயத்துக்காக அந்தப் பையன் நீள சீட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் உட்காரும் சீட்டும் அதன் பின்னால் கூம்பு போன்ற ஒரு மூடியும் வைத்திருந்தான். இத்தனை நாளும் துடைத்தேன், ஓட்டினேன். அது என் கண்ணில் படவேயில்லை.

"நான் அதைக் கவனிக்கேல்லை," என்றேன்.

பொய் சொல்லியிருக்கலாம். மலிவாகக் கிடைத்தது, மாற்றப்போகிறேன் என்று ஏதாவது. உண்மையைச் சொன்னது பொய்யைவிட மோசமாகக் கேட்டது.

"அதுதான்," என்றாள். அழவில்லை. "நாங்கள் இன்னும் நிலத்தில இருந்துதான் சாப்பிடுறம். பிள்ளையின்ர சிநேகிதப் பிள்ளையள் வந்தால் இருக்கச் சொல்லக் கதிரை இல்லை. இந்தக் கிழமை ஒரு சோபா எடுக்கப்போறன்."

"எடும்," என்றேன்.

"என்ன நிறம் எண்டு கேக்கேல்லை?"

நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டாள். வந்த அழைப்புக்கும் பூத்தில் கட்டணம் உண்டு; மாமி பில்லைக் கிழித்துத் தந்துவிட்டு, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன்.

மறுநாளே பாபுவிடம் போனேன். நீள சீட் ஒன்று போடவேண்டும் என்றேன்.

"இன்னா சிலோன் சார், ரேஸ் வண்டிக்கு குடும்ப சீட்டா? யாரு குந்தப்போறா?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் வேறொரு வண்டியின் சீட்டை வெட்டி, பட்டை அடித்துப் பொருத்தினார். வண்டியின் வடிவே போய்விட்டது. முன்னால் பந்தயக் குதிரை, பின்னால் கழுதை என்று அவரே சிரித்தார். ரெக்சின் அழுக்காகிவிடும் என்று மேலே பாலித்தீன் தாளைச் சுற்றிக் கொடுத்தார். நான் அந்தத் தாளைப் பிரிக்கவில்லை. இனி அவளிடம் சொல்லலாம், இப்போது இருவர் இருக்கலாம் என்று. என்ன நிறம் என்றும் கேட்கலாம். இரண்டு வாக்கியம். ஒரு கிழமை முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஞாயிறு மாலை வண்டியைப் பூத் வாசலிலேயே நிறுத்தினேன்.

அன்று எடுத்தது துளசி. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்றாள். சோபா வந்துவிட்டது, தான் அதில் இருந்துதான் கதைக்கிறேன் என்றாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் சறுக்கத் தொடங்கியிருந்தது. என்னுடைய இரண்டு வாக்கியங்களும் அவளுக்கு உரியவை அல்ல. அவளே கேட்டாள், "அப்பா, உங்கட பைக் சரியான சத்தமாமே. கேக்கலாமா?"

வண்டியை உருட்டி பூத் படியோடு ஒட்டி நிறுத்தினேன். போனின் வயரை இழுக்க முடிந்தவரை இழுத்தேன். "என்ன சார் பண்றேள், பிடுங்கிண்டு வந்துடப்போறது," என்று மாமி எழுந்தாள். ஒரு கையில் ரிசீவரைப் பிடித்தபடி உதைத்தேன். கிளம்பியது. ரிசீவரைச் சைலென்சர் பக்கம் நீட்டி, வலது கையால் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு காதில் வைத்தேன். துளசி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது பைக் மாதிரி இல்லை. இஞ்ச ஸ்நோ அள்ளுற மெஷின் இருக்கு. அதே சத்தம்."

"ஆர் அள்ளுறது?" என்றேன்.

"பில்டிங் வாசலில அங்கிள் ஒருத்தர் அள்ளுவார். கார் நிக்கிற இடத்தில அம்மாதான். கையால. வேலைக்குப் போக முதல்."

வசந்தி கார் ஓட்டுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் சத்தம் போடுங்கோ என்றாள் பிள்ளை. முதுகில் வியர்வை ஓடியது. பாலித்தீன் சுற்றிய சீட்டில் தெருப் புழுதி படிந்துகொண்டிருந்தது. நான் பனியைப் பார்த்ததில்லை. ரிசீவரை மறுபடி சைலென்சருக்கு நேரே பிடித்து, மந்தைவெளித் தெருவில் நின்றபடி திருகிக்கொண்டே இருந்தேன், அந்தச் சத்தத்தால் அங்கே ஒரு காரைச் சுற்றியாவது கொஞ்சம் பனி விலகிவிடும் என்பதுபோல.