ஆடிய அலகும் ஆடிப்பூரமும்: வில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு ஒரு பயணம்

துளசிச் செடியின் அடியில் தோன்றி, தான் சூடிக் களைந்த மாலையால் அரங்கனையே கட்டிய வில்லிபுத்தூர் நாச்சியாரே! ஆலிலைமேல் துயின்று உலகைக் காக்கும் பெருமானின் வலப்பக்கம் நின்று, இந்தச் சிறியேன் எழுதப் புகும் செய்தியில் பிழை நேராமல் காத்தருள்க.

செய்தி ஒரு கத்தியைப் பற்றியது. நாச்சியாரை வணங்கிவிட்டுக் கத்தியைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் முகம் சுளிக்கலாம். மாலை கட்டுவோருக்கு நாரும் தெய்வத்தொண்டு, நாரை அறுக்கும் அலகும் தெய்வத்தொண்டு. பொறுமையோடு படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பூரத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் வில்லிபுத்தூரிலிருந்து அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். "ஏலே தம்பி, ஒன் அத்தான் மாலைத் தொண்ட விட்டுட்டேன்னு கோயில்ல சொல்லப் போறாவளாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு மதுரையில் பேருந்து ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஏழே முக்காலுக்குக் கோபுரம் கண்ணில் பட்டது. இப்பயணத்தை மேற்கொள்வோர் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தால் வெயிலில் வாடுவர். வலப்பக்கம் அமர்க, மேற்கு மலையும் தெரியும்.

அத்தானின் பெயர் திருவேங்கடம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய இடக்கை மரத்துப்போயிற்று. விரல்கள் மூடியபடியே நின்றுவிட்டன. அந்த மூடிய பிடிக்குள் அக்காள் வாழைநாரின் நுனியைச் செருகிவிடுவாள். வலக்கையால் அவரே பூவைத் தொடுப்பார். தொடுத்து முடித்ததும் நாரை அறுக்க வேண்டும். பல்லால் கடித்தால் எச்சில், மாலை ஆகாது. கத்தரிக்கோலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈர நார் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டது. திறந்த கத்தி ஒன்றைப் பலகைமேல் வைத்துக்கொண்டார். ஒருநாள் தொடுத்த பூமாலை முழுவதும் சிவந்திருப்பதைக் கண்டு அக்காள் அலறினாள். இடக்கை கிழிந்தது அவருக்கே தெரியவில்லை. உதிரம் பட்ட மாலையைக் கிணற்றடியில் புதைத்தார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் அவர் மகன் இதைக் கேள்விப்பட்டு ஒரு கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். மடக்குக் கத்தி அன்று. கைப்பிடியின்மேல் உள்ள குமிழை முன்னே தள்ளினால், முன்வாய் வழியே அலகு நேராகப் பாய்ந்து வெளிவரும். கட்டைவிரலால் குமிழைப் பின்னுக்கு இழுத்தால் அதே வேகத்தில் உள்ளே போய்விடும். ஒரே கை போதும். அறுத்ததும் அலகு உள்ளே போய்விடுவதால் மரத்த கைக்கும் ஆபத்து இல்லை. மூன்றரை ஆண்டு மாலை தவறவில்லை.

அந்தக் கத்திதான் இப்போது கெட்டிருந்தது. குமிழைத் தள்ளினால் அலகு வந்தது, ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. நாரில் வைத்து அழுத்தினால் பின்வாங்கி உள்ளே போயிற்று. நார் அறுபடாமல் நைந்தது.

"மாப்ளே, நாச்சியாருக்கு நைஞ்ச நாரா கொடுக்கச் சொல்லுதீக?" என்றார் அத்தான். "இன்னைக்குச் சாயங்காலம் சொல்லிருதேன். பூரத்து மாலைய வேற ஆளு கட்டட்டும்."

சாயங்காலம் வரை எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு ஒன்பது இருபதுக்கு இராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். பதினொரு கிலோமீட்டர், இரண்டரை ரூபாய், இருபத்தைந்து நிமிடம். நூற்பாலைகள் நிறைந்த ஊராகையால் நுண்ணிய உதிரிபாகங்களைச் சீர்செய்வோர் அங்கேதான் உண்டு.

நடத்துநர் அத்தானின் மடியிலிருந்த பையைப் பார்த்து, "என்ன பெரியவரே, பால்கோவாவா? நமக்கும் ஒரு வில்லை உண்டா?" என்றார்.

"கத்திப்பா."

நடத்துநர் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நூற்பாலைகளில் நூல் சுற்றும் கதிர்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்று இருந்தது. உரிமையாளர் வெங்கட்ராஜு, வீட்டில் தெலுங்கு பேசுபவர், வாய் ஓயாதவர். கத்தியை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தார். திருகாணிகளைக் கழற்றி மேல்தகட்டை எடுத்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னங்க இது, உள்ள மஞ்சமஞ்சேன்னு அப்பிக் கெடக்கு?"

"சந்தனம்" என்றார் அத்தான். "ஆயுத பூசைக்கு ஒவ்வொரு வருசமும் எங்க வீட்டுக்காரி பொட்டு வைப்பா."

"பொட்டு நெத்தியிலல்லா வைக்கணும்? கத்தி வாயில ஊட்டி விட்டிருக்காக!"

அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நானும்தான். ஆயுதத்தை வணங்கும் குலத்தில் பிறந்தவர்களாகிய நாங்கள் மூவரும் அந்தப் பிழையைக் கண்டு சிரிக்கத் தகுதியற்றவர்கள். வெங்கட்ராஜுவின் லேத் எந்திரத்தின் நெற்றியிலும் சந்தனம் காய்ந்துதான் இருந்தது.

உட்புறம் திறந்து கிடந்ததால் அதன் செயலை நன்றாகக் காண முடிந்தது. வாசகர் பலர் கேட்பர் என்பதால் எழுதுகிறேன். அலகு ஒரு நீண்ட பள்ளத்துக்குள் கிடக்கிறது. அதன் அடிப்பாகத்தில் இரண்டு வெட்டுகள். ஒன்றில் பின்கொக்கி விழுந்து அலகை உள்ளே பிடித்து வைக்கிறது. மற்றொன்றில், அலகு வெளிவந்ததும், முன்கொக்கி விழுந்து பிடிக்கிறது. கட்டைவிரல் தள்ளும் குமிழ் ஒரு சறுக்குத்தகட்டோடு சேர்ந்தது. தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே சுருள்வில். குமிழைத் தள்ளும்போது அலகு உடனே நகர்வதில்லை. கொக்கி விடவில்லை அல்லவா? வில் மட்டும் இழுபடுகிறது. தகடு இன்னும் சற்று முன்னேறியதும் அதிலுள்ள சரிவு கொக்கியைத் தூக்கிவிடுகிறது. பிடி விட்டதும் அலகு பாய்கிறது. வில் சிறிது தூரமே இழுக்கும். எஞ்சிய தூரத்தை அலகு தன் வேகத்தாலேயே கடந்து மறுகொக்கியில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. திரும்ப உள்ளே போவதும் இவ்வாறே. ஆக, ஓய்ந்திருக்கும்போது வில் முறுக்கேறி நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் நம் விரலே அதற்கு வலிமை தருகிறது.

பாதி வழியில் ஏதேனும் தடுத்தால் அலகு மறுகொக்கியை எட்டாது; நடுவில் தொங்கும். காய்ந்த சந்தனம் செய்தது இதையே.

வெங்கட்ராஜு மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாட்டினார். குமிழைத் தள்ளினார். 'சடக்'கென்று அலகு வந்து பூட்டிற்று. அத்தானின் முகம் மலர்ந்தது. கையில் வாங்கி மெல்ல அசைத்தார். அலகு சலங்கைபோல் ஆடியது, முன்னைவிட அதிகமாக.

"அட, சந்தனந்தான் இம்புட்டு நாளும் முட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு!" என்றார் வெங்கட்ராஜு.

உண்மைதான். அலகு தடையின்றி ஓடவேண்டுமானால் பள்ளத்துக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். அலகு வெளிவந்தபின் அந்த இடைவெளியே ஆட்டமாகிறது. நாளடைவில் தேய்ந்தால் ஆட்டம் மிகும். கொக்கியும் அதன் வெட்டும் தேய்ந்தால் முன்பின் ஆட்டமும் சேரும். சந்தனம் இந்த இடைவெளியை நிரப்பிப் பின்பு வழியையே அடைத்துவிட்டது. ஈரநாரை அறுக்க அலகு அசையாமல் நிற்கவேண்டும். ஆடும் அலகு நாரைத் தள்ளிவிடும்.

"இதென்ன பெரிய காரியம்" என்று மெல்லிய பித்தளைத் தகட்டைக் கத்தரித்துப் பள்ளத்தின் இருபுறமும் நீளமாகப் பதித்தார். ஆட்டம் அறவே நின்றது. குமிழைத் தள்ளினார். அலகு பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். மறுபடியும் பாதி வழி. தகட்டைத் தேய்த்து மெலிதாக்கினார். பூட்டியது, ஆனால் ஆடியது. இப்படியே நண்பகல் கடந்தது.

"நீள்ளு தே" என்று உள்நோக்கித் தெலுங்கில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "பெரியவரே, இறுக்கினா ஓட மாட்டேங்கு, ஓடினா ஆடுது. ரெண்டுல எது வேணும்? ஒண்ணச் சொல்லுங்க."

அத்தான் எழுந்துவிட்டார். "விடுங்க ராஜு. மாப்ளே, வாரும், பஸ்ஸுக்குப் போவோம். கோயில் நட தொறக்கையில போயிச் சொல்லிருவோம்."

அவர் குரலில் வருத்தம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடிவெடுத்துவிட்டவரின் குரல் அது. மாலை கட்டும் பலகையும் இல்லாத வீட்டில், மரத்த கையோடு அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினேன். தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று பிடித்து உட்கார வைத்தேன்.

தேநீர் ஆறும்வரை அவர் திறந்து கிடந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் அவர் வில்லிபுத்தூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். மலைபோன்ற தேர் உருண்டு வருகையில் சக்கரத்தின் முன் சரிவான கட்டையைச் செலுத்தி நிறுத்தும் வேலை. கண் தப்பினால் கால் போய்விடும்.

"ராஜு" என்றார் திடீரென்று, "வழி நெடுக எதுக்கு நெருக்குதீக?"

"பொறவு ஆட்டம் எப்படி நிக்கும்?"

"தேரு நாலு வீதியும் ஓடணும். ஓடுற எடத்துல கட்டை போட்டா நாங்க எப்படி வடம் இழுக்க? நெலைக்கு வரும்போதுதான் கட்டை. அதுவும் மொட்டையா இருக்கக் கூடாது. நுனி மெலிசா, போகப் போகத் தடிச்சு. சக்கரம் தானா ஏறித் தானா இறுகும்."

"தேரு வேற, கத்தி வேற பெரியவரே."

"எனக்கு ரெண்டும் நாச்சியாருக்கு ஓடுறதுதான். போட்டுப் பாருமே. ஒம்ம பித்தளை என்ன தங்கமா?"

வெங்கட்ராஜு முணுமுணுத்துக்கொண்டே நீளத் தகடுகளைப் பிடுங்கி எறிந்தார். வாய்ப்புறத்தில் மட்டும், அலகின் அடிப்பாகம் வந்து நிற்கும் இடத்தில், இரு சிறு துண்டுகளைப் பதித்தார். பின்பக்கம் மெலிந்து முன்பக்கம் தடித்தவை. முதல்முறை தடிப்பு மிகுந்து கொக்கியை எட்டவில்லை. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். இம்முறை அலகு தடையின்றிப் பாய்ந்து, கடைசி நூலளவில் ஆப்புப்போல் இறுகிப் பூட்டிற்று. பக்க ஆட்டம் நின்றது.

முன்பின் ஆட்டம் மட்டும் எஞ்சியது. அது ராஜுவின் கைவந்த வேலை. முன்கொக்கி விழும் வெட்டைச் சற்றே சரிவாக அரத்தால் தேய்த்தார். "இனிமே தேயத் தேயக் கொக்கி இன்னும் ஆழமா விழுந்து தானே சரிக்கட்டிக்கிடும். இது என் யோசனை, தேருக்காரர் யோசனையில்ல, ஆமா!" என்றார். விரலால் அசைத்தால் முடியளவு அசைவு இருந்தது. அதையும் போக்கலாமா என்றேன். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அதையும் போக்கினால் ஓடாது.

கூலி பதினைந்து ரூபாய். நான்கு மணிப் பேருந்தில் திரும்பினோம்.

வீடு வந்ததும் அத்தான் கைகால் கழுவி, திருமண் இட்டுக்கொண்டு பலகைமுன் அமர்ந்தார்.  அக்காள் நார் நுனியை அவர் இடக்கைக்குள் செருகினாள். துளசியும் செவ்வந்தியும் மாறிமாறி ஒரு முழம் தொடுத்தார். கத்தியை எடுத்துக் குமிழைத் தள்ளினார். நாரின் மேல் அலகு படிந்ததுதான் தெரியும். நார் இரண்டாகக் கிடந்தது. முனை நையவில்லை. அலகு உள்ளே போயிற்று.

அவர் மாலையைப் பார்க்கவில்லை. மரத்துப்போன இடக்கையை வலக்கையால் தூக்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அக்காளும் குனிந்து பார்த்தாள். எங்கும் ஒரு கீறலும் இல்லை.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? அடுத்த நாரை நனை. நாளைக்குப் பூரம்."

இந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் பகவான் இவ்வுலகில் எல்லாவற்றையும் ஏன் இறுக்கி வைக்கவில்லை என்பது எனக்குச் சிறிது விளங்குகிறது. ஓடவேண்டிய வழியில் நமக்கு இடம் விட்டிருக்கிறான். நிற்கவேண்டிய இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்கிறான். சாத்திரங்கள் விரித்துரைக்கும் பொருளை ஒரு கைப்பிடிக்குள் கண்ட மகிழ்ச்சி எனக்கு.

செல்ல விழைவோருக்குச் சில சொற்கள். பூரத்தன்று வில்லிபுத்தூரில் தங்க இடம் கிடைப்பது அரிது. இராஜபாளையத்தில் தங்கி விடியற்காலை வரலாம், பேருந்துகள் அடிக்கடி உண்டு. நான் எழுதிய கட்டணங்கள் அக்காலத்தவை. தேர் வரும்போது சக்கரத்தின் அருகே நிற்காதீர்கள். இத்தகைய கத்தி யாரிடமேனும் இருந்தால் எண்ணெயை அதிகம் விடவேண்டாம். தூசியை ஒட்டவைத்து அதுவே வழியை அடைக்கும். பாதியில் அலகு நின்றுவிட்டால் கூர்முனையைத் தொடாமல் தட்டையான பக்கத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் கொக்கியில் விழும். விசையால் பாயும் கத்திகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கக்கூடும். விசாரிக்காமல் வாங்கவோ பயணத்தில் எடுத்துச் செல்லவோ வேண்டா. கோயிலுக்குள் கொண்டுபோகவே கூடாது. அத்தானும் அதை வீட்டுப் பலகையைவிட்டு நகர்த்தியதில்லை, பட்டறைக்குப் போன அந்த ஒரு நாளைத் தவிர.

இதைப் படித்த உங்களுக்கும், உங்கள் மனையாளுக்கும், மக்களுக்கும், வீட்டில் வாழும் முதியோருக்கும் நாச்சியார் நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் அருளுக. நோய் வந்தாலும் செய்ய விரும்பும் தொண்டு கைவிட்டுப் போகாமல் இருக்கட்டும். உங்கள் இல்லத்தில் நாளும் ஒரு மாலை தொடுக்கப்படுக. அதைத் தொடுக்கும் கைக்கு அருகே நாரை நனைத்துக் கொடுக்க இன்னொரு கை என்றும் இருக்குமாறு அருள்வாளாக.