விசர் என்ற சொல்லும் ஒரு தடுப்புக் கட்டளையும்

“தம்பி, உங்களுக்கென்ன விசரே?” என்று நீதவானைப் பார்த்துக் கேட்டார் ரீச்சர். அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான்.

கொழும்பு நீதிமன்றங்களில் தமிழ் – சிங்கள மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்களை ‘முதலியார்’ என்பார்கள். அது சாதியல்ல, அந்த வேலைக்குரிய பழைய அழைப்பு. எதையும் திகதியோடு எழுதிவைப்பது என் பழக்கம். இந்தச் சம்பவத்தின் திகதியை மட்டும் வேண்டுமென்றே விடுகிறேன். ரீச்சர் இன்னும் வெள்ளவத்தையில் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

1. தும்புத்தடி

யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர் அவர். கணவர் இறந்த பிறகு வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் தனியே இருந்தார். நித்திரை வராது. அவருடைய ஜன்னலுக்குக் கீழே ஒரு ஜெனரேட்டர் வேறு. ஒரு காலையில் பொறுமை போய், வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு குடியிருப்புச் செயலாளரின் கதவில் அடித்தார்.

“ரீச்சர், எல்லாருக்கும் கேக்கிற சத்தம்தானே? நீங்க மட்டும் ஏன் கத்துறீங்க?”

“நீங்கள் ஒருக்கா என்ர கட்டிலில படுத்துப் பாருங்கோ!”

செயலாளர் பொலிசைக் கூப்பிட்டார். வந்த இளம் சிங்களக் கொன்ஸ்டபிள் தமிழ்ப் பயிற்சி முடித்தவர். “என்ன பிரச்சினை, அம்மா?” என்று தமிழிலேயே கேட்டார். ரீச்சர் சொன்னது: “எனக்கு விசர் வருது!”

யாழ்ப்பாணத்தில் பஸ் பிந்தினால் விசர் வரும். வீண்கதை அலட்டினால் அது விசர்க்கதை. அடங்காத பிள்ளையை அம்மா விசரன் என்பார். கொன்ஸ்டபிள் படித்த தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பைத்தியம். ரீச்சரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

2. ‘மட்ட பிஸ்ஸு’

அடுத்த நாள் கொன்ஸ்டபிள் சாட்சி சொன்னார். அம்மாவின் கையில் தடி இருந்தது, அவரே ‘மட்ட பிஸ்ஸு’ என்று ஒத்துக்கொண்டார் என்றார். சிங்களத்தில் அது ‘எனக்குப் பைத்தியம்’. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

“உங்களுக்குப் பைத்தியம் என்று சொன்னீர்களா?” என்று நீதவான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அதற்குத்தான் ரீச்சரின் அந்தப் பதில்.

சொன்னதைச் சொல்வதே என் வேலை. சிங்களத்தில் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார். யாழ்ப்பாணத்தில் இது கோபத்தில் சொல்லும் சொல், இதை விளக்க அனுமதி வேண்டும் என்றேன்.

“முதலியார், நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, டாக்டரா?”

நீதவான் கெட்டவர் அல்லர். முன்னால் தடியும் ‘ஒப்புதலும்’ இருந்தன. வழக்கின் அடுத்த தவணை வரை மனநல ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிக்கக் கட்டளை இட்டார்.

கூண்டை விட்டு இறங்கும்போது ரீச்சர் என்னிடம் சொன்னார்: “நித்திரை வரேல்லை எண்டு டொக்டரிட்டப் போக நேற்றுப் பின்னேரத்துக்கு நம்பர் எடுத்து வைச்சனான், தம்பி. பொரளையில. போக விட்டாங்களே?”

அதைக் கேட்க அங்கே யாருக்கும் கடமை இல்லை. எனக்கும் இல்லை.

3. ஜீப்

அடுத்த தவணையில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபத்தானவர் அல்லர், கிளினிக்குக்கு வந்து மருந்து எடுத்தால் போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஜீப் வராமல் இருந்திருந்தால் ரீச்சர் தானாகவே செய்திருக்கக்கூடிய காரியம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் எழுதிய மனநோய்ச் சட்டத்தை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறோம். புதிய சட்டம் வருகிறது, வரைவு தயார் என்று நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். களவெடுத்தவனுக்காகப் பேச ஒரு லோயராவது எழும்புவார். அன்று ரீச்சருக்காக எழும்ப ஒருவருமில்லை. மனம் குழம்பியவருக்கு அவசரமாக வேண்டியது வைத்தியம். அந்த வாசலில் ஏன் முதல் ஆளாகப் பொலிஸ் நிற்கிறது? முதல் கேள்வியையே அவருடைய மொழி அறிந்த மருத்துவத் தாதி ஒருவர் கேட்கட்டும். ஆளைத் தடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், சில நாளுக்குள் அது சரியா என்று இன்னொருவர் பார்க்கட்டும். இதை எழுத எத்தனை ஆணைக்குழு வேண்டும்?

நான் கற்றது இவ்வளவுதான்: ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டால் திருத்தலாம். திருத்த இடமே வைக்காத சட்டத்துக்கு முன்னால் சரியான மொழிபெயர்ப்பும் வீண்.

போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் ரீச்சரைக் கண்டேன். கிளினிக்குக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். ஒரு நாளும் போகவில்லையாம்.

“இப்ப நித்திரை வருதே, ரீச்சர்?”

“வருது, வருது.”

கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். முருங்கைக்காய்ப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

“வராட்டி, அதை இனி ஆரிட்டையும் சொல்லுவனே? உங்களுக்கென்ன, தம்பி, விசரே?”