தண்ணீர் கேட்கும் வேலை

ரப்பர் விலை விழுந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டார்கள். மலாயாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும் அதே கதைதான். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கங்காணி வீடு வீடாக வந்து சொன்னார்.

எனக்கு ஊர் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது.

"நான் பொறந்தது இந்தத் தோட்டத்துல. நீங்க சொல்ற ஊரு எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரியாது. நான் கப்பல் ஏற மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

அந்தச் சமயத்தில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஈயம் தோண்டும் ஒரு லம்பத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். மணலையும் தண்ணீரையும் மேலே இழுக்க அங்கே புதிதாக நீராவி இஞ்சின் வைத்திருந்தார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்ள, எண் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வேலையை அவர்களே சொல்லித் தருவார்கள். தேறினால் வீடும் உண்டு. நான் ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அங்கே கற்றுக்கொண்டது தமிழ் எண்கள். இங்கிலீஷ் எண்களை ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பால் வெட்டுகிறவனுக்கு இரண்டுமே தேவைப்பட்டதில்லை. அதனால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னையும், அடுத்த லயத்து வீடுகளிலிருந்து வாயாடி ஒருவனையும், இன்னும் நான்கு பேரையும் அனுப்பினார்.

சொல்லித் தந்தவர் ஒரு சீனர், இஞ்சின்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "பஹாம்? புரிஞ்சதா?" என்று கேட்பார். நாங்கள் ஆறு பேரும் தலையாட்டுவோம். தோட்டத்தில் யார் என்ன கேட்டாலும் தலையாட்டித்தான் பழக்கம்.

"எல்லாத்துக்கும் ஆமா சொல்றீங்க. ஆமா சொன்னா பாய்லர் வெடிக்காம இருக்குமா லா?" என்றார் அவர்.

பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், நெருப்புக்கு முன்னால் நிற்பவன் "தண்ணி" என்று கத்த வேண்டும். இஞ்சினுக்கு அந்தப் பக்கம் தொட்டியடியில் நிற்பவன் குழாயைத் திறப்பான். மூன்று பாய்லர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். எனக்கு நெருப்புப் பக்கம் விழுந்தது, வாயாடிக்குத் தொட்டிப் பக்கம்.

கண்ணாடியும், நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள்ளும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. கத்துவதுதான் வரவில்லை.

"அண்ணே, நீங்க கூப்புடுறது எனக்குக் கேக்குறதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் பறந்து போயிருப்போம்" என்றான் வாயாடி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் தனியாக லாலான் புல்வெளிப் பக்கம் போய்க் கத்திப் பார்த்தேன். ஆள் இல்லாத இடத்தில் குரல் நன்றாகவே வந்தது. பாம்பு கடித்துவிட்டதோ என்று இரண்டு பேர் கம்போடு ஓடி வந்தார்கள். அதோடு அங்கே போவதை விட்டுவிட்டேன்.

எங்களைப் பார்த்து முடிவு செய்ய லம்பத்துத் துரை வந்தார். எனக்கும் இஞ்சினுக்கும் நடுவில் நின்றுகொண்டு இஞ்சின்காரரிடம் பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு வந்திருந்தது. தோட்டத்தில் துரை பேசிக்கொண்டிருந்தால் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். அவர் திரும்பிப் பார்த்தால்தான் பேசுவோம். என் கை தானாகத் தலைத்துண்டுக்குப் போயிருந்தது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கரி அள்ளும் சவலை எடுத்துப் பக்கத்து இரும்புத் தூணில் ஓங்கி அடித்தேன். ஒரு தடவை அடித்ததும் துரையின் பேச்சு நின்றது. மறுபடியும் அடித்தேன். அந்தப் பக்கம் வாயாடி குழாயைத் திறந்தான். கண்ணாடியில் தண்ணீர் மெல்ல ஏறியது.

துரை என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இஞ்சின்காரரும் இங்கிலீஷில் பதில் சொன்னார். இருவரும் வெளியே போனார்கள்.

"தொரை மூஞ்சிக்கு நேரா தூண அடிச்சிட்டீங்களே. நம்ம லயத்துல யாரும் இப்படிச் செஞ்சதில்லண்ணே. கப்பல்ல எனக்கும் பக்கத்துல எடம் போட்டு வைங்க" என்றான் வாயாடி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் இஞ்சின்காரர் ஒரு முழ நீளத்துக்குப் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என் பாய்லருக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்.

"தொரை தூண அடிக்கக் கூடாதுன்னாரு, கூரை விழுந்துடும். இத அடி. அடிக்காம சும்மா நின்னே, அப்ப வீட்டுக்குப் போ" என்றார். பிறகு மற்ற இரண்டு பாய்லருக்கும் அதே மாதிரி கட்டினார். இஞ்சின் சத்தத்தில் வாயாடியின் குரலே பாதி நாள் கேட்பதில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

லம்பத்தில் எனக்கு வீடு கொடுத்தார்கள். என் மனைவி தகரப்பெட்டியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது நான் வேலையில் இருந்தேன். எந்த வீடு என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். தண்டவாளச் சத்தம் கேட்டுப் பயந்து, அது என்னவென்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "உன் வீட்டுக்காரர்தான் தண்ணி கேக்குறாரு" என்றார்களாம்.

நான் வந்தபோது வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல தண்ணி வேணும்னா செம்பத் தூக்கிக் காட்டுவீங்க. இங்க இப்படியா கேக்குறீங்க?" என்றாள்.

அவளை எழச் சொல்லி, பெட்டியை உள்ளே தூக்கி வைத்தேன்.